யாரோ ஒருத்தி தண்ணி ஊற்றினாள்: வீட்டுக்குள் வந்த கடலின் கதை

2022 மார்ச் மாதக் கடைசி. நான் ஏ.எல். சோதினை முடிச்சிட்டு வெள்ளவத்தையில் பெரியம்மா வீட்டில் நின்ற நேரம். நாளுக்கு 13 மணித்தியாலம் வரைக்கும் கரண்ட் இல்லாமல் போன அந்த நாட்களை ஒருத்தரும் மறந்திருக்க மாட்டீர்கள். ஊரே கேஸுக்கும் பெற்றோலுக்கும் வரிசையில் நிற்க, பெரியம்மாவின் மகனுக்கு இன்னொரு கவலையும் இருந்தது. அது அவருடைய கடல்மீன் தொட்டி.

நாலடி நீளம், 300 லீற்றர் மட்டில் தண்ணி. கண்ணாடி வெட்டுவித்து, சிலிக்கன் பூசி, பி.வி.சி. பைப் ஒட்டி, எல்லாம் அண்ணா தன்ர கையால் செய்தது. உள்ளே ஒரு சோடி கோமாளி மீன், இரண்டு மூன்று இறால், கொஞ்சம் கல். மோட்டர் நின்றால் தண்ணி நிற்கும். தண்ணி நின்றால் அதுக்குள் ஒட்சிசன் குறையும். பற்றரியில் ஓடுகிற சின்னக் காற்றுப் பம்ப் ஒன்று இருந்தது. இரண்டாம் நாள் பற்றரி முடிஞ்சுது. கடையிலும் இல்லை. அன்றிரவு அண்ணா என்னட்ட ஒரு ஜொக்கைத் தந்தார். "தங்கச்சி, கொஞ்சம் உயரத்தில இருந்து ஊத்து. நுரைக்கோணும்."

அள்ளி ஊற்றினோம். அவர் ஒரு மணித்தியாலம், நான் ஒரு மணித்தியாலம். விடியும்போது தோள்மூட்டு கழன்ற மாதிரி இருந்தது, மீன்கள் ஓடித் திரிந்தன. அண்ணா ஒரு படம் எடுத்து, கரண்ட் இல்லாமலே தன்ர தொட்டி தப்பிட்டுது எண்டு நண்பர்களுக்கு அனுப்பினார். எல்லாரும் அவரை வாழ்த்தினார்கள்.

இதில எனக்குக் கோபம் ஒன்றும் இல்லை. ஆனால் கம்பஸுக்கு வந்த பிறகு, 19ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தின் இயற்கை ஆய்வுகள் பற்றி ஓர் ஒப்படைக்காக வாசிக்கும்போது, அந்த ஜொக் திரும்ப என்ர கையில் வந்து நின்றது. வீட்டில் மீன்தொட்டி கட்டுவதைப் பற்றிப் பேசினால் எல்லாரும் கண்ணாடியைப் பற்றியும் மீனைப் பற்றியும் பேசுவார்கள். தண்ணியை ஓட வைத்தது யார் எண்டு கேட்டால் கதை வேறு மாதிரிப் போகுது.

யன்னலடியில் ஒரு சிறுமி

கடல் உயிரினத்தைக் கண்ணாடிக்குள் வைத்து முறையாக ஆராய்ந்த முதல் ஆட்களில் ஒருத்தி ஒரு தையல்காரி. பெயர் ஜான் வில்ப்ரு-பவர். 1794இல் பிரான்சின் ஒரு கிராமத்தில் பிறந்து, பரிசுக்குப் போய் உடை தைத்து, ஒரு அரச குடும்பக் கலியாணத்துக்கே உடுப்புத் தைத்த பெண். ஓர் ஆங்கில வணிகரை மணம் முடித்து சிசிலித் தீவின் மெசினாவுக்குப் போனார். அங்கே 1832இல் இருந்து கண்ணாடிப் பெட்டிகள் செய்வித்து, அவற்றுக்குள் ஆர்கோனோட் எண்ட உயிரினத்தை வைத்துப் பார்த்தார். கணவாயின் சொந்தக்காரனான அது தன்ர ஓட்டைத் தானே கட்டுதா, வேறொன்றின் ஓட்டுக்குள் குடியேறுதா எண்டது அந்தக் காலத்துப் பெரிய விவாதம். ஓட்டில் ஓர் உடைவு வந்தால் அது தானே திருத்திக்கொள்வதை அவர் நேரில் பார்த்துப் பதிவு செய்தார். விவாதம் தீர்ந்தது.

ஆனால் மெசினாவில் கடல் வாசலிலேயே இருந்தது. கடல் இல்லாத ஊருக்குக் கடலைக் கொண்டு போவதுதான் கஷ்டம். அதைச் செய்தவர் அன்னா தின். கணவர் லண்டன் வெஸ்ட்மின்ஸ்ரர் தேவாலயத்தில் உயர்ந்த பதவியில் இருந்த மதகுரு. 1846இல் இங்கிலாந்தின் தெற்குக் கரையில் இருக்கும் டோர்க்கிக்குப் போனபோது, அந்தக் குளிர் கடலிலும் வளர்கிற சின்ன முருகைகளைக் கண்டார். (பவளம் எண்டு நாங்கள் நகைக்குச் சொல்கிறோம். பாடப் புத்தகத்திலும் கரையிலும் முருகைக்கல் எண்டுதான் சொல்வோம். இங்கேயும் அப்படியே எழுதுகிறேன்.) அவற்றை ஊசி நூலால் ஒரு கடற்பஞ்சில் தைத்து, கடல் தண்ணி நிரப்பிய சாடிக்குள் வைத்து லண்டனுக்குக் கொண்டு வந்தார்.

வந்த பிறகுதான் பிரச்சினை. நின்ற தண்ணியில் அவை சாகத் தொடங்கும். புதுக் கடல் தண்ணி எப்போதும் கிடைக்காது. அதனால் ஒரு வழி கண்டுபிடித்தார். திறந்த யன்னலுக்கு முன்னால் வைத்து, தண்ணியை ஒரு பாத்திரத்தில் இருந்து இன்னொன்றுக்கு மாறி மாறி ஊற்றுவது. ஒவ்வொரு நாளும் அரை மணித்தியாலத்துக்கு மேல். பிறகு கடற்பாசிகளையும் சேர்த்தார். அந்த முருகைகள் மூன்று வருசத்துக்குக் கிட்ட உயிரோடு இருந்தன, குஞ்சும் பொரித்தன. வீட்டுக்குள் சமநிலையோடு நடந்த முதல் கடல் தொட்டி எண்டு அதைத்தான் சொல்கிறார்கள்.

நான் திரும்பத் திரும்ப வாசித்த இடம் ஒன்று உண்டு. ஊற்றியது அன்னா தின் இல்லை. அவருடைய சின்னப் பணிப்பெண். இது களைப்புத் தருகிற வேலைதான், ஆனால் அந்தப் பிள்ளை அதை ஒரு விளையாட்டாக எடுத்துக்கொண்டாள் எண்ட மாதிரி அவர் எழுதிவைத்திருக்கிறார். அந்தப் பிள்ளையின் பெயரை எழுதவில்லை.

விளையாட்டா எண்டு எனக்குக் கேட்கத் தோன்றியது. ஒரு இரவு ஊற்றிப் பார்த்தவள் எண்டபடியால் கேட்கிறேன்.

அன்னா தின்னின் பெயரும் கனகாலம் பின்னுக்குத்தான் நின்றது. அவருடைய குறிப்புகள் அச்சில் வந்தது 1859இல். அதுக்கு முன்னமே இந்த வேலைக்கு வேறொரு பெயர் புகழ் பெற்றுவிட்டது.

காலியான கரை

அந்தப் பெயர் பிலிப் ஹென்றி கொஸ். 1853இல் லண்டன் மிருகக்காட்சிசாலையில் பொதுமக்களுக்கான முதல் மீன்காட்சி மண்டபம் திறந்ததில் அவருக்குப் பெரிய பங்கு இருந்தது. அடுத்த வருசம் அவர் எழுதிய புத்தகம்தான் 'அக்குவாரியம்' எண்ட சொல்லையே எல்லார் வாயிலும் கொண்டு வந்தது. அதுக்கு முன்னமே, 1845இல், பிரித்தானியாவில் கண்ணாடி வரியை நீக்கியிருந்தார்கள். கண்ணாடி மலிந்தது. ரயிலும் கரைக்கு ஓடத் தொடங்கியிருந்தது. பிறகு சொல்லவா வேணும்? நடுத்தர வர்க்கத்து வீட்டு மண்டபமெல்லாம் தொட்டி. லீவுக்குக் கடற்கரைக்குப் போகிற ஆட்கள் சுத்தியலும் உளியும் வாளியும் கொண்டு போய், கல்லோடு சேர்த்து உயிரினங்களைப் பெயர்த்துக்கொண்டு வந்தார்கள்.

பெரும்பாலான தொட்டிகள் கொஞ்ச நாளில் நாறின. செத்ததைக் கொட்டிவிட்டுத் திரும்பப் போய் அள்ளினார்கள். கொஸின் மகன் எட்மண்ட் 1907இல் எழுதிய நினைவு நூலில், தகப்பனோடு தான் பார்த்த அந்தக் கரைக் குட்டைகள் வெறுமையாகிப் போனதை வருத்தத்தோடு சொல்கிறார். தகப்பனின் புத்தகங்களே அதுக்கு ஒரு காரணம் எண்டதையும் அவர் மறைக்கவில்லை.

ஒரு தொட்டிக்குப் பின்னால் ஒரு கையும் இருக்கும், ஒரு கரையும் இருக்கும். இரண்டும் கண்ணாடிக்கு வெளியே இருப்பதால் படத்தில் விழாது.

நிலத்துக்குக் கீழே ஒரு தொட்டி

தொட்டிகள் ஏன் நாறின? மீன் கழிவில் இருந்து அமோனியா வரும். அது நஞ்சு. ஒருவகை பக்ரீரியா அதை நைத்திரைற்றாக்கும், இன்னொரு வகை நைத்திரேற்றாக்கும். இந்த பக்ரீரியாக்களுக்கு இருக்க ஓர் இடமும் ஒட்சிசனும் வேணும். அது எல்லாம் தெரியாத காலத்திலேயே, தண்ணி நிறைய வேணும், அது ஓடிக்கொண்டே இருக்க வேணும் எண்டு அனுபவத்தால் கண்டுபிடித்தவர் வில்லியம் அல்ஃபோர்ட் லோயிட். லண்டனில் மீன்தொட்டிக் கடை வைத்திருந்தவர். 1871இல் லண்டனில் திறந்த கிறிஸ்டல் பலஸ் மீன்காட்சிசாலையை அவர்தான் வடிவமைத்தார்.

பார்வையாளருக்குத் தெரிகிற தொட்டிகளுக்குக் கீழே, இருட்டில், ஒரு பெரிய நீர்த்தேக்கத்தை அவர் வைத்தார். மேலே இருந்து தண்ணி வழிந்து கீழே வரும். நீராவி இயந்திரம் அதைப் பம்ப் பண்ணித் திரும்ப மேலே அனுப்பும். இரவு பகலாக. ஒரு தொட்டியில் பிழை வந்தாலும் அந்தப் பெரிய தண்ணிக்குள் கரைந்துபோகும். உப்புத் தண்ணி உலோகத்தை அரிக்கும், செம்பு கலந்தால் இறாலும் முருகையும் சாகும், அதனால் கெட்டி றப்பரில் செய்த பம்பும் குழாயும் பாவித்தார். பணிப்பிள்ளையின் கை செய்த வேலையை ஓர் இயந்திரம் எடுத்துக்கொண்டது. அந்த இயந்திரத்துக்கும் இரவிரவாகக் கரி போட ஓர் ஆள் தேவைப்பட்டிருக்கும்.

இதை வாசித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. அண்ணாவின் தொட்டி மேசைக்குக் கீழே இருப்பதும் இதேதான். அவர் அதைச் 'சம்ப்' எண்டு சொல்வார். விளங்காத ஆட்களுக்கு எங்கட வீட்டுத் தண்ணித் தாங்கியை வைத்துச் சொல்கிறேன். கிணற்றில் இருந்து மோட்டர் தண்ணியை மேலே ஏற்றும். தாங்கி நிரம்பினால் வழியிற பைப்பால் கீழே ஊற்றும். கடல் தொட்டியில் இந்தக் கிணறும் தாங்கியும் ஒன்றையொன்று விடாமல் நிரப்பிக்கொண்டு இருக்கும், அவ்வளவுதான் வித்தியாசம்.

மேல் தொட்டியின் பின்கண்ணாடியில், மேல் விளிம்புக்குக் கிட்ட ஓட்டை போட்டு, தாங்கிக்குப் போடுகிற அதே டாங்க் கனெக்டரைப் போடுவார்கள். அதுக்கு முன்னால் சீப்புப் பல் மாதிரி வெட்டிய ஒரு தடுப்பு, மீன் போகாமல் இருக்க. வழிகிற தண்ணி பைப்பால் கீழே வந்து, துணிப் பையால் வடிந்து, நுரை எழுப்பிக் கழிவைப் பிரிக்கிற ஸ்கிம்மருக்குள்ளால் போய், கடைசி அறையில் உள்ள மோட்டரால் மேலே ஏறும்.

சுகமான வேலை மாதிரித்தான் இருக்கும். அண்ணா முதல் தரம் மோட்டரைப் போட்டு, எல்லாம் வடிவாக ஓடுது எண்டு பார்த்துவிட்டு, நிற்பாட்டினார். நின்ற உடனே மேல் தொட்டித் தண்ணி, ஏறின பைப்பாலேயே திரும்ப இறங்கத் தொடங்கிற்று. ஏறுகிற பைப்பின் வாய் தண்ணிக்குள் ஆழமாக இருந்தது. அந்த வாய் வெளியில் தெரியும் வரைக்கும் சைபன் இழுத்துக்கொண்டே இருக்கும். கீழ்த்தொட்டி நிரம்பி வழிந்து, பெரியம்மாவின் பாய் வரைக்கும் உப்புத் தண்ணி. பெரியம்மா அன்று சொன்னதை இங்கே எழுதேலாது.

பாடம் மூன்று. பைப்பின் வாயைத் தண்ணி மட்டத்துக்குக் கிட்ட வை, அதில் காற்றுப் போக ஒரு சின்ன ஓட்டையும் போடு. மோட்டரை நிற்பாட்டினால் எவ்வளவு தண்ணி இறங்கும் எண்டு பார்த்து, அந்த அளவு இடத்தைக் கீழே எப்போதும் வெறுமையாக விடு. வழிகிற பைப்பை ஒன்றோடு விடாதே, அடைத்தால் காப்பாற்ற இரண்டாவது வேணும். ஒருவழி வால்வு போட்டால் போதும் எண்டு கடைக்காரர் சொல்வார். அதில் ஒரு நத்தை ஓடு சிக்கினால் சரி, கதை முடிஞ்சுது.

ஜகார்த்தாவும் பெர்லினும்

லோயிட்டின் முறை பெரிய கட்டடங்களுக்குச் சரி. சாதாரண வீட்டில் முருகை வளர்ப்பது இன்னும் கனகாலம் கைகூடவில்லை. 20ஆம் நூற்றாண்டின் நடுவில் மீன்தொட்டி வைத்திருந்தவர்கள் கடல் மீனையே கஷ்டப்பட்டுத்தான் உயிரோடு வைத்திருந்தார்கள். உலோகச் சட்டத்தில் பூட்டிய தொட்டிகளை உப்பு அரித்தது. சிலிக்கன் பசை வந்த பிறகுதான் சட்டமே இல்லாமல் கண்ணாடியோடு கண்ணாடி ஒட்ட முடிந்தது.

அந்தக் காலத்தில், 1961இல், ஓர் அமெரிக்க மீன்வளர்ப்புச் சஞ்சிகையில் ஒரு கட்டுரை வந்தது. எழுதியவர் லீ சின் எங், இந்தோனேசியாவின் ஜகார்த்தாவைச் சேர்ந்தவர். அவருடைய முறை எளிமையானது. பக்கத்துக் கடல் தண்ணி, வெயில், காற்றுக் குமிழி, பாறையில் இருந்து எடுத்த உயிருள்ள கற்கள். பெரிய வடிகட்டி ஒன்றும் இல்லை. அவருடைய தொட்டிகளில் முருகை வளர்ந்தது. 'இயற்கை முறை' எண்டு பெயர்.

ஏன் அது வேலை செய்தது? அந்தக் கல்தான் காரணம். முருகைக்கல் முழுக்க நுண்துளை. வெளிப்பக்கத்தில் ஒட்சிசன் தேவைப்படுகிற பக்ரீரியா, உள்பக்கத்தில் ஒட்சிசன் இல்லாமல் வாழ்கிற பக்ரீரியா. முதலாவது கூட்டம் அமோனியாவை நைத்திரேற்று வரைக்கும் கொண்டு வரும். இரண்டாவது அதை நைதரசன் வாயுவாக்கி வெளியே விடும். கல்லே வடிகட்டி. ஆனால் கரையில் இருந்து தூரத்தில் இருந்தவர்களுக்குப் புதுக் கல் கிடைக்கவில்லை, கிடைத்தது பாதி செத்துப்போய் வந்தது. அதனால் மேற்கில் இந்த முறை அப்போது பெரிதாக எடுபடவில்லை.

பிறகு 1970களிலும் 80களிலும் பெர்லினில் இருந்த வளர்ப்பாளர்கள் உயிருள்ள கல், பலமான ஸ்கிம்மர், பலமான வெளிச்சம் எண்ட மூன்றையும் சேர்த்து முருகையை வீட்டில் வளர்த்துக் காட்டினார்கள். அது 'பெர்லின் முறை' எண்டு உலகம் முழுக்கப் பரவியது. 1986இல் ஜோர்ஜ் ஸ்மிட் அமெரிக்கச் சஞ்சிகையொன்றில் எழுதிய தொடர், வழியிற பெட்டி, கீழே வடிகட்டி, திரும்ப ஏற்றும் மோட்டர் எண்ட அமைப்பை அங்கேயுள்ள சாதாரண வீடுகளுக்குள் கொண்டு போனது.

பெர்லின்காரரின் உழைப்பைக் குறைத்துச் சொல்லவில்லை. ஸ்கிம்மரும் வெளிச்சமும் பெரிய விசயம். ஆனால் கல்லை நம்பு எண்டு அவர்களுக்கு முன்னமே எழுதினவர் ஒரு ஜகார்த்தாக்காரர். முறைக்கு நிலைத்த பெயர் பெர்லின்.

சுண்ணாம்பு

அந்த ஐரோப்பிய வளர்ப்பாளர்கள் இன்னொன்றும் செய்தார்கள். சுவிற்சர்லாந்தின் பீற்றர் வில்கென்ஸ் பரப்பிய வழி அது. முருகை தன்ர எலும்புக்கூட்டைக் கல்சியம் காபனேற்றால் கட்டும். கட்டக் கட்டத் தண்ணியில் கல்சியம் குறையும். அதனால் ஆவியாகிற தண்ணிக்குப் பதிலாகச் சுண்ணாம்புத் தண்ணியைச் சொட்டுச் சொட்டாக விட்டார்கள். பாட்டியின் வெற்றிலைத் தட்டத்தில் இருக்கிற அதே சுண்ணாம்புதான், தண்ணியில் கரைத்துத் தெளிய விட்டது.

அவர்கள் சுண்ணாம்பு கொடுத்து முருகை வளர்த்தார்கள். நாங்கள் முருகையை எரித்துச் சுண்ணாம்பு எடுத்தோம். ஹிக்கடுவை, அம்பலாங்கொடைப் பக்கக் கரையில் பல தலைமுறையாகச் சூளைகள் எரிந்தன. கட்டடச் சுவருக்கும் வயலுக்கும் அந்தச் சுண்ணாம்பு போனது. வடக்கிலும் நாங்கள் சும்மா இருக்கவில்லை. நெடுந்தீவுக்குப் போனவர்கள் கடல் கல்லை அடுக்கிக் கட்டிய மதில்களைப் பார்த்திருப்பீர்கள். கல்லுக்குள் பூப்போல முருகையின் அடையாளம் இன்னும் தெரியும். அந்த மதில் வடிவு. அதைக் குற்றம் எண்டு சொல்ல எனக்கு மனம் வரவில்லை, வேறு கல் இல்லாத தீவு அது. ஆனால் சூளைகளின் கணக்கு வேறு. 1981இன் கரையோரப் பாதுகாப்புச் சட்டமும் பிறகு வந்த திருத்தமும் முருகைக்கல் அகழ்வதைத் தடுத்தன. அதுக்குப் பிறகும் களவாக அகழ்ந்தார்கள். 2004 சுனாமியின்போது, தென்மேற்குக் கரையில் முருகை அகழ்ந்தெடுத்த இடங்களில் அலை கூடுதல் தூரம் உள்ளே வந்ததை ஆய்வாளர்கள் பிறகு பதிவு செய்தார்கள். சூளையில் கல் அடுக்கியவர்கள் ஏழைகள். அலை முதலில் போனதும் அவர்கள் மாதிரி ஆட்களின் வீட்டுக்குத்தான்.

1998இல் கடல் சூடாகி முருகைகள் வெளிறிச் செத்தது இன்னொரு அடி. அதனால்தான் அண்ணாவின் தொட்டியில் உயிருள்ள முருகை இல்லை. எங்கட கடலில் இருந்து அதை எடுப்பது குற்றம், எடுக்கவும் கூடாது. அவர் சீமெந்தும் சிப்பித் தூளும் குழைத்து, உப்புக் கட்டிகளைச் சேர்த்து வார்த்து, பிறகு உப்பைக் கரைய விட்டு, தானே துளை விழுந்த கல் செய்தார். சீமெந்தின் காரம் போகும் வரைக்கும் வாரக்கணக்கில் நல்ல தண்ணியில் ஊறப் போட்டு, தண்ணியை மாற்றி மாற்றி வைத்தார். இப்போது அதில் ஊதா நிறப் பாசி படிந்திருக்கு. பார்க்கிற ஆட்கள் கடல் கல் எண்டுதான் நினைப்பார்கள்.

கொப்பி

போன லீவுக்கு வெள்ளவத்தைக்குப் போனபோது, அன்னா தின்னின் கதையை அண்ணாவுக்குச் சொன்னேன். யன்னல், இரண்டு பாத்திரம், பெயரில்லாத பிள்ளை. கேட்டுக்கொண்டே ஒரு யூனியனை இறுக்கிக்கொண்டிருந்தார். "அப்ப என்ன, நான் தின் அம்மாவோ?" எண்டு கேட்டார். நான் பதில் சொல்லவில்லை.

தொட்டி தொடங்கின நாளில் இருந்து ஒரு சீ.ஆர். கொப்பியில் எல்லாம் எழுதி வைத்திருக்கிறார். உப்பு அளவு, வெப்பநிலை, எந்த நாள் எந்த மீன், எந்த நாள் மோட்டர் கழுவியது. 2022 மார்ச் பக்கத்தைத் தட்டிப் பார்த்தேன். "கரண்ட் இல்லை. கையால் தண்ணி ஊற்றியது. இழப்பு இல்லை" எண்டு இருந்தது. யார் ஊற்றியது எண்டு இல்லை.

எங்கட துறையில் இதுக்குப் பெரிய பெயர் எல்லாம் இருக்கு, கீழிருந்து எழுதும் வரலாறு அப்படி இப்படி எண்டு. எனக்கு அன்று ஒரு பேனைதான் வேண்டி இருந்தது. அந்த வரிக்குப் பக்கத்தில் என்ர பெயரை எழுதினேன். அண்ணா எட்டிப் பார்த்தார். பேனையை வாங்கி, அதுக்குக் கீழே இன்னொரு பெயரும் எழுதினார். பெரியம்மாவின் பெயர். அந்த இரவு இரண்டு மணிக்கு எங்களுக்குத் தேத்தண்ணி போட்டுத் தந்து, நாங்கள் இருவரும் கண் அயர்ந்த அரை மணித்தியாலம் ஜொக்கை எடுத்து ஊற்றினது அவதானாம்.

எனக்கு அது அதுவரைக்கும் தெரியாது.